மழைக்காலத்தில் மலையேறும் நாற்றுகள்

பெரு நாட்டின் குஸ்கோ வட்டாரத்தில், ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் 4,000 மீட்டருக்கும் மேலே கென்யுவா என்ற மரம் வளர்கிறது. தாவரவியலில் இது பாலிலெபிஸ் பேரினம். ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பட்டை காகிதம்போல அடுக்கடுக்காக உரியும். அந்த அடுக்குகள் மரத்தைக் குளிரிலிருந்து காக்கின்றன.

மேகமும் மூடுபனியும் தவழும்போது இலைகளும் கிளைகளில் படர்ந்த பாசியும் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்த நீர் மண்ணில் இறங்கி, ஊற்றாகவும் ஓடையாகவும் கசிகிறது. இந்த வட்டாரத்திலுள்ள வில்கனோட்டா மலைத்தொடரின் ஓடைகள் உருபம்பா ஆற்றில் கலந்து அமேசானைச் சேருகின்றன. மலைத்தொடரின் பனியாறுகள் சுருங்கிவரும் காலத்தில், நீரைத் தேக்கி வைக்கும் இந்தக் காட்டின் தேவை கூடியிருக்கிறது.

ஆனால் விறகுக்காகவும் கரிக்காகவும் நூற்றாண்டுகளாக மரங்கள் வெட்டப்பட்டன. மேய்ச்சலுக்காகப் புல்வெளிக்கு வைக்கப்பட்ட தீ காட்டுக்குள்ளும் பரவியது. முளைத்துவந்த கன்றுகளை ஆடுமாடுகள் கடித்தன. எஞ்சியவை இன்று திட்டுத்திட்டாகவே நிற்கின்றன.

அவற்றை மீட்கும் பணியில் கெச்சுவா பழங்குடி உழவர் குடும்பங்கள் இறங்கியுள்ளன. கெச்சுவா வழிவந்த உயிரியலாளர் கான்ஸ்டன்டினோ அவுக்கா சுட்டாஸ் 2000இல் தொடங்கிய எக்கோவான் அமைப்பு அவர்களுக்குத் துணை நிற்கிறது. 2018இல் உருவான ஆக்சியோன் ஆண்டினா இயக்கம் இதே முறையை அண்டை நாடுகளுக்கும் கொண்டு சென்றது.

வேலை நாற்றங்காலில் தொடங்குகிறது. வளர்ந்த மரங்களிலிருந்து சிறு கிளைகளைப் போத்தாக வெட்டி, ஊருக்கு அருகிலேயே வேர்விடச் செய்கிறார்கள். அங்கேயே வளர்வதால் நாற்று உயரத்துக்கும் குளிருக்கும் பழகிவிடுகிறது. நவம்பர் வாக்கில் மழை தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். மண் நனைந்ததும் நட்டால்தான், வறட்சியும் இரவு உறைபனியும் வரும் மே மாதத்துக்குள் வேர் ஊன்றும். அந்த உயரத்தில் குடம் சுமந்து நீர் ஊற்ற இயலாது.

நடவு நாள் ஒரு திருவிழா. பெயர் கென்யுவா ரைமி. ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் வண்ணத் துணியில் நாற்றுகளை மூட்டையாகக் கட்டி, முதுகில் சுமந்து சரிவேறுகிறார்கள். இந்த உழைப்புக்கு அடிப்படை இன்கா காலத்திலிருந்து வரும் இரண்டு வழக்கங்கள். ஒருவர் வயலில் மற்றவர் உழைத்து, பின்னர் அதே உழைப்பைத் திரும்பப் பெறுவது அய்னி. ஊர்ப் பொதுவேலைக்கு எல்லோரும் கூடுவது மின்கா.

நட்டதோடு வேலை முடிவதில்லை. எந்தச் சரிவில் மேய்க்கலாம், எதை அடைக்க வேண்டும் என்பதை ஊர்க்கூட்டம் தீர்மானிக்கிறது. நில உரிமையை உறுதிசெய்யவும் ஊர்க்காடுகளைப் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கவும் எக்கோவான் உதவியிருக்கிறது. விறகைக் குறைக்கும் மண்ணடுப்புகளும் சூரிய மின்தகடுகளும் வீடுகளுக்கு வந்துள்ளன. அடுப்புக்கு விறகு குறைந்தால் மரத்தில் கோடரி விழுவதும் குறைகிறது.

2022இல் அவுக்காவுக்கு ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'புவியின் வாகையர்' விருதும், 2023இல் ஆக்சியோன் ஆண்டினாவுக்கு எர்த்ஷாட் பரிசும் கிடைத்தன. கென்யுவா மிக மெதுவாக வளரும் மரம். விழா நாளில் எத்தனை நாற்று நட்டார்கள் என்பதைவிட, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆடுமாடு ஏறாமல் ஊரார் அந்தச் சரிவை எப்படிக் காத்தார்கள் என்பதே காட்டைத் தீர்மானிக்கிறது.