கலர்ப் பலகை வாங்கலாமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வழியெல்லாம் மூங்கிலும் காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியுமாய்க் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் நேயர்களே, அன்று நான் ஒன்றையும் பார்க்கவில்லை. என் பையில் இருந்த புத்தகப் பலகையைத் தடவிப் பார்ப்பதும், 'பெரியம்மாவிடம் என்ன சொல்வது?' என்று யோசிப்பதுமாகவே பிரயாணம் முடிந்துவிட்டது.

பெரியம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஏற்காடு ஏரிக்குச் சற்றுத் தூரத்தில் சின்ன ஓட்டு வீடு. அந்த வீட்டில் மூன்று அலமாரி நிறையத் தொடர்கதைகள். வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பத்திரமாய்க் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்தவை. உங்கள் வீட்டிலும் பாட்டியோ அம்மாவோ அப்படிச் சேர்த்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மலையின் ஈரம் யாரை விட்டது? பாதி அட்டைகளில் பூஞ்சணம். மீதியில் ராமபாணப் பூச்சி. போதாக்குறைக்குப் பெரியம்மாவின் இரண்டு கண்களிலும் புரை எடுத்தாகிவிட்டது. பொடி எழுத்து ஒத்துவரவில்லை. இரண்டு வருஷமாய் அவள் ஒரு கதை கூடப் படிக்கவில்லை.

"படிக்காம இருக்கிறது பட்டினி கிடக்கிற மாதிரி இருக்கு, கண்ணு" என்று டெலிபோனில் சொன்னாள். "எழுத்தைப் பெரிசாக்கிக் காட்டுற பலகை வாங்கணும். பென்ஷன்லே மிச்சம் பிடிச்ச 25,000 ரூபாய் இருக்கு. மகன் கலர்தான் வாங்கணும்கிறான். 'பிளாக் அண்டு ஒயிட் காலத்திலேயா இருக்கோம்?'னு கேக்கறான். கலருக்குப் போனா அத்தனை பணமும் தீர்ந்து போகும். அடுக்களை ஓடு வேற ஒழுகுது. ஐப்பசிக்குள்ளே மாத்தணும். நீ பத்திரிகைக்காரி, நாலு பேரைக் கேட்டுச் சொல்லு."

நாலு பேரைக் கேட்பதைவிட நேரிலேயே பார்த்துவிடலாம் என்று, என்னிடம் இருந்த கறுப்பு வெள்ளைப் பலகையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கலர்ப் பலகை ஒன்றைப் பெரியம்மாவின் அண்டை வீட்டுக்காரர் இரண்டு நாளைக்கு இரவல் கொடுத்தார்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

இந்தப் பலகைகளின் திரைக்கு 'இ-இங்க்' என்று பெயர். மின்சார மை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் கல்விக்கூடத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்து, 1997-ல் ஒரு கம்பெனியாகவே உருவெடுத்தது. திரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிக்குள்ளும் வெள்ளைத் துகள், கறுப்புத் துகள். ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர் மின்னூட்டம். மின்சாரம் இழுத்த பக்கம் துகள்கள் மேலே வந்து எழுத்தாகவும் காகிதமாகவும் நிற்கின்றன. நின்ற பிறகு மின்சாரமே வேண்டாம். பக்கம் திருப்பும்போதுதான் மறுபடி வேலை. ஒரு தடவை சார்ஜ் செய்தால் பல நாள் வருவதன் ரகசியம் இதுதான்.

சரி, கலர் எங்கிருந்து வந்தது? இன்று கடையில் கிடைக்கும் கலர்ப் பலகைகளில் பெரும்பாலானவை 'கலைடோ' என்னும் முறையில் செய்தவை. அதே கறுப்பு வெள்ளைத் திரையின் மேல், சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் போட்ட மெல்லிய வடிகட்டி ஒன்றைப் பரப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான்! துகள்களே வண்ணமாக இருக்கும் 'காலரி' என்ற வேறொரு முறையும் உண்டு. அதில் வண்ணம் மேலாக இருக்கும்; பக்கம் திரும்பத்தான் தாமதம் ஆகும்.

ஜன்னலுக்குக் கலர்க் கண்ணாடி போட்டால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறை கொஞ்சம் இருண்டு போகிறதல்லவா? இங்கேயும் அதே கதை. வெளிச்சம் வடிகட்டி வழியாக உள்ளே போய், மறுபடி அதன் வழியாகவே வெளியே வர வேண்டும். அதனால் வெள்ளைக் காகிதம் சாம்பல் பூத்துத் தெரிகிறது. 2022-ல் வந்த 'கலைடோ 3' திரையில், கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள். கலருக்கு 150 புள்ளிகள்தான். காட்டக்கூடிய நிறங்கள் 4,096. நாம் கையில் வைத்திருக்கும் போனோ கோடிக்கு மேற்பட்ட நிறங்களைக் காட்டுகிறது.

மூன்று பரீட்சைகள்

முதல் பரீட்சை ஏரிக்கரையில், உச்சி வெயிலில். போன் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. இரண்டு பலகைகளோ அச்சடித்த காகிதம் போலப் பளிச்சென்று இருந்தன. கலர்ப் பலகைக்கு மிகவும் உகந்தது இந்த வெயில்தான்.

இரண்டாவது பரீட்சை சாயங்காலம், வீட்டுத் திண்ணையில். ஐந்து மணிக்கே மஞ்சு இறங்கி, எதிர்த் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை மறைத்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் பெரியம்மா விளக்கில்லாமலே இன்னும் இரண்டு பக்கம் படித்தாள். கலரில் முடியவில்லை. பலகைக்குள் இருக்கும் விளக்கைத் தூக்கி வைத்ததும் எழுத்து தெரிந்தது. ஆனால் விளக்கைத் தூக்கத் தூக்க பாட்டரி இறங்கும். மஞ்சு மூடும் மாதங்கள் அதிகமான ஊரில் இதைச் சின்ன விஷயமென்று தள்ள முடியாது.

மூன்றாவது பரீட்சையைப் பெரியம்மாவே வைத்தாள். வாசலில் பூத்திருந்த செம்பருத்தியைப் பறித்து வந்து, கலர்ப் பலகையில் செம்பருத்திப் படம் ஒன்றைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வைத்தாள். பூ ரத்தச் சிவப்பு. படம் நாலைந்து தடவை துவைத்த சேலை மாதிரி இருந்தது.

"குத்தம் சொல்றதுக்கில்லே. பழைய வாரப் பத்திரிகை உள்பக்கத்துக் கலர் இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தாள். வீட்டுக்கு வருகிறவர்களை விடாமல் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு அழைத்துப் போகிறவள் அவள். பூவின் நிறம் பற்றி அவளை ஏமாற்ற முடியுமா?

அன்று சனிக்கிழமை. சேலத்திலிருந்து வந்திருந்த எட்டு வயதுப் பேத்திக்கு மட்டும் கலர்ப் பலகையைக் கீழே வைக்க மனமில்லை. படக்கதையை மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டி, இதையே வாங்கு பாட்டி!" என்றாள். பெரியம்மாவின் முகம் வாடியது. தன் ஆசைக்கா, குழந்தையின் ஆசைக்கா, ஒழுகும் ஓட்டுக்கா, எதற்கு அந்தப் பணம்?

யாருக்கு எது?

விலையில் வித்தியாசம் எப்போதும் பெரிதென்று நினைக்க வேண்டாம். 2024-ல் கோபோ கம்பெனி ஆறு அங்குலப் பலகை இரண்டை ஒன்றாக வெளியிட்டது. அமெரிக்காவில் கறுப்பு வெள்ளை 130 டாலர், கலர் 150 டாலர். அதே ஆண்டு அமேசானின் முதல் கலர் கிண்டில் 280 டாலருக்கு வந்தது. அதே ஏழு அங்குலக் கறுப்பு வெள்ளைப் 'பேப்பர்வைட்' 160 டாலர். ஆகவே விலையை மட்டும் பார்த்தால் முடிவு கிடைக்காது. 'நான் படிப்பது என்ன?' என்று கேட்டால்தான் கிடைக்கும்.

நாவலும் சிறுகதையும் படிப்பவர்களுக்குக் கறுப்பு வெள்ளையே மேல். 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொள்ளுங்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது மணியம் வரைந்த கோட்டோவியங்களுக்குக் கலரா வேண்டியிருந்தது?

குழந்தைகளின் படக்கதை, நிலப்படம், வண்ணக் கோடு போட்டுப் படிக்க வேண்டிய பாடப் புத்தகம் இவைதான் உங்கள் வீட்டில் அதிகம் என்றால், கலர் வாங்கலாம். மங்கலான கலர் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

சமையல் குறிப்புப் படத்துக்காகவும் சேலை டிசைன் பார்க்கவும் வாங்காதீர்கள். அதற்குப் போனே போதும்.

எதை வாங்கினாலும் மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் திறந்து, கொம்பும் காலும் அந்தந்த இடத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு, ஒரு கம்பெனியின் கடையில் வாங்கிய புத்தகம் மற்றொரு கம்பெனியின் பலகையில் பெரும்பாலும் திறக்காது. ஆகவே உங்களுக்கு வேண்டிய தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பலகையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று, பழைய பத்திரிகைப் பக்கங்களை அப்படியே படம் பிடித்து வைத்த கோப்புகளில், எழுத்தை மட்டும் தனியே பெரிதாக்க முடியாது. ஆறு அங்குலத் திரையில் அவற்றைப் படிப்பது எறும்பு எண்ணுகிற வேலை. எழுத்தாகவே தட்டச்சு செய்த புத்தகங்களாகப் பார்த்து எடுங்கள். 1998-ல் தொடங்கிய 'மதுரைத் திட்ட'த்தில் சங்க நூல் முதல் கல்கியின் நாவல்கள் வரை இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொன்று: இந்தப் பலகை கண் வைத்தியம் அல்ல. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும். கண்ணில் கோளாறு இருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

பெரியம்மாவின் தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் இதையெல்லாம் சொல்லி முடிக்குமுன்பே பெரியம்மா முடிவு செய்துவிட்டிருந்தாள். கறுப்பு வெள்ளைதான். 17,000 ரூபாய் ஆயிற்று. மீதி 8,000-ல் ஓட்டு வேலைக்கு 7,000 ஒதுக்கினாள். கடைசி ஆயிரத்துக்குச் சேலத்தில் பேத்திக்குக் காகிதத்தில் அச்சடித்த படக்கதைகளாகவே வாங்கினோம். அந்தச் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. குழந்தையும் சமாதானமாகிவிட்டாள்.

போன வாரம் பெரியம்மாவிடமிருந்து டெலிபோன்.

"ஏன் பெரியம்மா, பலகை சரியாயிருக்கிறதா?" என்று கேட்டேன்.

"எங்கே கண்ணு! அடுப்பிலே பாலை வெச்சுட்டு, ஒரே ஒரு அத்தியாயம்னு உக்காந்தேன். பால் பூரா பொங்கிப் போச்சு!"

அவள் குரலில் வருத்தம் துளிக்கூட இல்லை.