மிலிட்டரி ஜோங்காவுக்குள் இத்தனை சங்கதியா? தெரியுமா?

மதுரை பசுமலையில், டி.பி.கே. ரோட்டு ஓரமாக, புதுப்பித்துப் பளபளவென்று ஒரு பழைய மிலிட்டரி ஜோங்கா ‘விற்பனைக்கு’ என்ற அட்டையோடு நின்றால் என்ன செய்வீர்கள்? ஒரு செல்ஃபி எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள்! கொஞ்சம் குனிந்து, அதன் அடிவயிற்றையும் பாருங்கள்.

ஜோங்கா நம் நாட்டில் பிறந்ததுதான், ஆனால் அதன் பூர்வீகம் ஜப்பான் என்பது தெரியுமா? நிஸான் பேட்ரோல் 60 என்ற ஜீப்பைத்தான் உரிமம் வாங்கி, ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை தயாரித்தார்கள். ஜப்பானில் அந்த மாடல் 1980-லேயே நின்றுபோனது. நம் ராணுவத்துக்காக இங்கே இன்னும் 19 வருஷம் ஓடியது! இன்ஜின் 3,956 சி.சி., ஆறு சிலிண்டர், பெட்ரோல். இன்று வீட்டு வாசலில் நிற்கும் 1,200 சி.சி. கார் மூன்றைச் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

இப்போது பின்னால் வந்து குனியுங்கள். பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குகிறதே டிஃபரன்ஷியல், ராணுவ வண்டிகளில் அதற்கு வெள்ளை பெயிண்ட் அடித்திருப்பார்கள். எதற்குத் தெரியுமா? போர்முனையில் ராத்திரி நேரம் ஹெட்லைட் போட்டால் எதிரி விமானத்துக்கு அடையாளம் காட்டிக்கொடுத்ததுபோல ஆகிவிடும். அதனால் வண்டிகள் விளக்கை அணைத்துவிட்டு வரிசையாகப் போகும். முன்னால் போகும் வண்டியின் அடியில் மட்டும் சின்னதாக ஒரு பல்பு அந்த வெள்ளை உருண்டையின் மேல் மினுங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பின்னால் வரும் டிரைவருக்கோ அந்த வெள்ளைப் பொட்டுதான் வழிகாட்டி! ஒரு டப்பா பெயிண்ட், ஒரு பல்பு, அவ்வளவுதான். இதைவிட எளிமையான, இதைவிட அழகான ராணுவத் தொழில்நுட்பம் எனக்குத் தெரிந்து இல்லை. புதுப்பிக்கிறேன் என்று அதையும் கறுப்படித்து மறைத்துவிடுகிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, மிலிட்டரி வண்டியை வாங்கினோம், அதே ஆலிவ் பச்சையில் ஓட்டலாமா? கூடாது! மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே சொந்தம். நம்பர் பிளேட்டில் மேல்நோக்கி நிற்கும் அம்புக்குறியும் அப்படித்தான். அம்புக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கம் அந்த வண்டியை ராணுவம் வாங்கிய வருஷம் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஏலத்தில் வெளியே வந்த வண்டி அம்பை இறக்கிவைத்துவிட்டு, நம் பக்கம் டி.என். 58 என்று மறுபிறவி எடுக்கும். 2019-இல் தோனி ராஞ்சித் தெருக்களில் ஜோங்காவை ஓட்டிவந்த பிறகு, இந்த மறுபிறவி வண்டிகளைத் தேடும் கூட்டம் இன்னும் பெருகிவிட்டது.

அந்தப் பெரிய பெட்ரோல் இன்ஜினுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்று பலர் டீசல் இன்ஜினை மாற்றிவிடுகிறார்கள். எரிபொருளுக்கு ஏற்ப வண்டியை மாற்றிக்கொள்வது மதுரைக்குப் புதிதா என்ன? 1912-இல் இங்கே பஸ் ஓட்ட ஆரம்பித்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ‘டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்’ செய்து விற்றவர்! அடுப்புக்கரியிலிருந்து வரும் வாயுவில் பஸ் ஓடிய காலம் அது. ஆனால் இன்று இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் எண் ஏறியிருக்க வேண்டும். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019 ஜனவரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பெயிண்ட் மினுமினுப்பைப் பார்க்கும் முன் ஏலக் காகிதத்தையும் ஆர்.சி.யையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

டயரையும் விடாதீர்கள். பழைய மிலிட்டரி டயரில் பட்டன்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். முன்னால் போனாலும் ரிவர்ஸில் வந்தாலும் ஒரே பிடிமானம். மண்ணில் பதிந்த தடத்தை வைத்து வண்டி எந்தப் பக்கம் போனது என்றே சொல்ல முடியாது! கேட்கவே சிலிர்க்கிறது, இல்லையா? ஆனால் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் இறங்கினால் நெருக்கமான அந்தப் பட்டன்களுக்கு நடுவே களிமண் அப்பிக்கொண்டு டயர் மொழுக்கென்று ஆகிவிடும். காட்டுக்குள் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் பட்டன் இடைவெளி அகலமான டயரே மேல்.

இன்னொன்று. பழைய மிலிட்டரி ஜீப்களில் ரிம் இரண்டு பாதியாக, நட்டு போல்ட்டில் சேர்த்துப் பூட்டியிருக்கும். நட்ட நடுக்காட்டில் மெஷின் இல்லாமலே டயர் கழற்ற வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றும் நட்டு வேறு, ரிம்மைப் பிரிக்கும் நட்டு வேறு. காற்று இருக்கும்போது தெரியாமல் இரண்டாவதைத் தளர்த்தினால் ரிம் வெடித்துப் பிரிந்து ஆளையே அடித்துவிடும். பஞ்சர் கடைத் தம்பி ஸ்பானரை எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: முதலில் காற்றை முழுசாக இறக்கு, அப்புறம் தொடு.