ஐந்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்திலுள்ள டி மான்ட்ஃபோர்ட் சர்வகலாசாலையில், 1994-ஆம் ஆண்டில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் வெளியுலகத்தோடு தொடர்பு கொள்வதற்கு விநாடிக்கு 64 கிலோபிட் மட்டுமே செல்லக்கூடிய ஒரே ஓர் இணைப்பு இருந்தபடியால், அந்தக் குறுகிய வழியில் எந்நேரம் எவ்வளவு நெரிசல் என்பதை அறிய அங்கிருந்தோர் யாவரும் ஆவல் கொண்டது இயல்பே. அந்த ஆவலை நிறைவேற்றும் பொருட்டு, சுவிட்சர்லாந்து நாட்டவரான தோபியாஸ் ஓட்டிக்கர் எழுதிய எம்.ஆர்.டி.ஜி. என்னும் மென்பொருள் 1995-இல் வெளிவந்து, பின்னர் உலகெங்கும் பிரசித்தியடைந்தது.

அதன் சூட்சுமம் எளிது. வலைகளை இணைக்கும் கருவியான ரூட்டரின் ஒவ்வொரு முனையும் தன்வழியே சென்ற பைட்டுகளை, வீட்டு மின்சார மீட்டர் யூனிட்டுகளை எண்ணுவதுபோல், ஓயாமல் கூட்டிக்கொண்டே போகிறது. அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவனுக்கு ஒன்றும் விளங்காது. எம்.ஆர்.டி.ஜி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை, எஸ்.என்.எம்.பி. என்னும் பொது நெறிமுறையின் வாயிலாக, அந்தத் தொகையைக் கேட்டறிந்து, முந்தைய தொகையை அதிலிருந்து கழித்து, 300 விநாடிகளால் வகுத்துச் சராசரி வேகத்தைக் கணிக்கிறது; உள்ளே வருவதைப் பச்சை நிறப் பரப்பாகவும், வெளியே செல்வதை நீல ரேகையாகவும் தீட்டி, நாள், வாரம், மாதம், வருஷம் என நான்கு படங்களாக அளிக்கிறது.

இப்படங்களை வாசிக்க நிபுணத்துவம் அவசியமில்லை. காலையில் ஏறி மாலையில் தணியும் ரேகை அலுவலகத்தின் நித்திய கிரமத்தைக் காட்டும். உச்சியில் மழுங்கிச் சமதளமாக நீண்டு கிடந்தால், இணைப்பின் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். எல்லோரும் உறங்கும் நள்ளிரவில் நீல ரேகை மட்டும் காரணமின்றி உயருமாயின், ஏதோ ஒரு கணினி எவருக்கோ தகவலை அனுப்பிக்கொண்டிருக்கிறதென்று சந்தேகித்து விசாரிக்க வேண்டும்.

ஆயினும், சராசரி என்பது சிலவற்றை மறைத்தே சிலவற்றைக் காட்டும். பத்து விநாடி முழுவதும் நிரம்பித் திணறிய இணைப்பு, அந்த ஐந்து நிமிஷத்தில் எஞ்சிய நேரம் சும்மா இருந்திருந்தால், படத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு உபயோகமாகவே தோன்றும். வருஷப் படத்திலோ ஒரு முழு நாளே ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. மேலும், போக்குவரத்து எவ்வளவு என்பதைச் சொல்லும் இப்படம், அது யாருடைய போக்குவரத்து என்பதைச் சொல்வதில்லை. அதற்கு, எந்தக் கணினி எதனோடு பேசியது என்று குறித்துவைக்கும் நெட்ஃப்ளோ போன்ற முறைகளும், ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் போன்ற சாதனங்களும் உள்ளன.

இக்குறைகளை அறிந்தே சொல்கிறேன்: இத்தகைய படம் நிர்வாகியின் அறைக்குள் அடைபட்டுக் கிடக்கலாகாது. இணைப்பை உபயோகிக்கும் மாணவரும், அதற்குப் பணம் ஒதுக்கும் அதிகாரியும், அதைப் பராமரிக்கும் தொழில்நுட்பாளரும் ஒரே ரேகையைப் பார்த்துப் பேசும்போதுதான், வேகம் குறைந்ததென்ற முறையீடு வெறும் அபிப்பிராயமாக நின்றுவிடாமல், அனைவரும் சேர்ந்து ஆராய்ந்து தீர்க்கத்தக்க பிரச்சினையாகிறது.