விக்கிரகமும் நூதனசாலையும்

அரியலூர்ப் பகுதியிலுள்ள ஸ்ரீபுரந்தான் சிவாலயத்து நடராஜ விக்கிரகம் களவுபோய்க் கடல் கடந்தது. 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தார் அதனைச் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலர் ஈந்து கொண்டனர். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்திற்கு முன்னரே அஃது இந்தியாவை விட்டகன்றதென வியாபாரி காட்டிய பத்திரமோ பொய். 2014இல் அம்மூர்த்தி தாயகம் மீண்டது.

நூதனசாலைப் பணிக்குப் பயில்வோர்க்கு உலோகக் கலவையையும் சிற்பத்தின் காலத்தையும் மட்டும் போதித்தல் போதாது. நம் ஆலயங்களில் கூத்தப்பெருமான் திருவாதிரையன்று நீராடி, ஆடை பூண்டு, வீதியுலா எழுந்தருளுபவர். கண்ணாடிப் பேழையுள் வைத்தால் வெறுங் கலைப்பொருள். இவ்வேறுபாட்டை உணர்ந்தவனே, ‘இஃது எவ்வூர்த் தெய்வம்? ஊரார் இசைந்தனரோ?’ என விலை பேசுமுன் வினவுவான். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994இல் எடுத்த நிழற்படத்தில் அப்பெருமான் ஆலயத்திலேயே நிற்கின்றார். அவர்கட்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாமே!