பூனை வளர்க்கும் வீடும் குடற் புழுக்களும்

பூனை மயிர் வயிற்றினுட் சென்றால் நோய் உண்டாகும் என்று சொல்லி, குழந்தையைப் பூனையிடமிருந்து விலக்கும் வழக்கம் தமிழர் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அவ்வெச்சரிக்கையில் ஓர் உண்மை மறைந்திருக்கின்றது. ஆனால் அது மயிரைப் பற்றியதன்று. தீங்கு செய்வன பூனையின் குடலில் வாழும் புழுக்களும் நுண்ணுயிர்களுமே. அவை மனிதனை அடையும் வழி பெரும்பாலும் மண். அந்த வழியை அறிந்து அடைத்துவிட்டால், பூனையை வீட்டை விட்டுத் துரத்த வேண்டிய தேவை நேராது.

இவற்றுள் மிகப் பரவலானது உருளைப்புழு. பூனைக்குட்டிகள் இதனைத் தாயின் பாலுடனேயே பெற்றுவிடுகின்றன. உப்பிய வயிறும், பொலிவிழந்த மயிரும், சிலவேளை வாந்தியில் காணப்படும் நூல் போன்ற வெண்புழுவும் இதன் அடையாளங்கள். பூனையின் மலத்துடன் வெளிவரும் முட்டைகள் உடனே தொற்றுவதில்லை. மண்ணிலே இரண்டு மூன்று வாரங்கள் கிடந்து, உள்ளே குடம்பி வளர்ந்த பின்னரே அவை ஆபத்தானவையாகின்றன. அதன்பின் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காகவும், அவை மண்ணில் உயிரோடிருக்கும். மண்ணளைந்து விளையாடிய குழந்தை கையை வாயில் வைக்கும்போது முட்டைகள் வயிற்றை அடைகின்றன.

மனித உடலில் இக்குடம்பி முழுப் புழுவாக வளர்வதில்லை. வழி தெரியாத பயணிபோல் ஈரலிலும் சுவாசப்பையிலும் அலைந்து திரிகின்றது. அரிதாகக் கண்ணினுட் புகுந்தால் பார்வையையே கெடுத்துவிடும். 1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெலனோர் வைல்டர் என்னும் அம்மையார், அகற்றப்பட்ட பிள்ளைகளின் கண்களை ஆராய்ந்தார். புற்றுக்கட்டி என ஐயுறப்பட்ட கண்கள் பலவற்றினுள் இருந்தது கட்டியன்று, புழுக் குடம்பியே என்று அவர் கண்டார். நாயின் உருளைப்புழுவே இந்நோய்க்கு முதன்மையான காரணமாயினும், பூனையின் புழுவும் இதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது, கொழுக்கிப்புழு. இதன் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. எகிப்தில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், கொழுக்கிப்புழுக் குடம்பிகள் கலந்த நீர் தற்செயலாகத் தமது கையிற் சிந்தியதிலிருந்து, அவை தோலைத் துளைத்தே உட்புகுகின்றன என்பதைக் கண்டறிந்தார். அவரே 1911ஆம் ஆண்டில், இலங்கைப் புனுகுப் பூனையிடமிருந்து கிடைத்த ஒரு புழுவைப் புதிய இனமென விவரித்து, அதற்கு இந்நாட்டின் பெயரையே இட்டார். நாயிலும் பூனையிலும் வாழும் அப்புழு மனிதனின் குடலிலும் முழுவளர்ச்சி பெற்று இரத்தம் குடிக்கவல்லது என்பது இன்று உறுதியாகியுள்ளது. வேறு சில விலங்குக் கொழுக்கிப்புழுக்களின் குடம்பிகள் தோலின் கீழேயே ஊர்ந்து, தாங்கொணா அரிப்புடன் வளைந்த செந்தடங்களை உண்டாக்கும். ஈரமும் வெம்மையும் நிழலும் உள்ள மண் அவற்றுக்கு உகந்தது. அத்தகைய நிலத்தில் வெறுங்காலுடன் நடப்போரே எளிதில் இலக்காகின்றனர்.

மூன்றாவது, நாடாப்புழு. பூனையின் வாலடியில் வெள்ளரி விதை போன்ற துண்டுகள் ஒட்டியிருப்பதைக் கண்டால் இது உண்டெனத் துணியலாம். இப்புழு தெள்ளின் மூலமே பரவுகின்றது. தெள்ளை விழுங்கிய பூனைக்கு வருவது போலவே, தற்செயலாக அதனை விழுங்கிய குழந்தைக்கும் வரும். ஆகவே தெள்ளை ஒழிப்பதே இதனைத் தடுக்கும் வழி.

நான்காவது புழுவன்று; டொக்சோபிளாஸ்மா என்னும் ஓரணு உயிர். 1908ஆம் ஆண்டில் அறியப்பட்ட இதன் வாழ்க்கை வட்டம் பூனையின் குடலிலே நிறைவுறுகிறது என்பது 1970ஆம் ஆண்டளவிலேயே தெளிவாயிற்று. நலமுள்ளோர்க்குப் பெரும்பாலும் இது துன்பம் தருவதில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு முதன்முறையாகத் தொற்றினால் கருச்சிதைவோ, பிறக்கும் குழந்தையின் கண்ணுக்கும் மூளைக்கும் பாதிப்போ நேரலாம். அதனாலேயே மருமகள் கருவுற்றதும் பூனையை எங்கேனும் கொண்டுபோய் விடுமாறு சொல்வோர் உளர். உண்மை அவ்வளவு கடுமையானதன்று. பூனை பொதுவாகத் தன் முதற் தொற்றின்போது மட்டும், ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரையே இக்கிருமியின் உறைகளை வெளியேற்றும். அவ்வுறைகளும் வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாள்கள் சென்ற பின்னரே தொற்றும். மேலும், சரியாக வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இந்நோய் பரவும் முக்கிய வழிகளாகும்.

இந்நான்கிற்கும் பொதுவான ஓர் இயல்பு இதனால் விளங்கும். மலம் வெளியேறிய அக்கணத்தில் இவற்றுள் ஒன்றேனும் மனிதனைத் தொற்றும் நிலையில் இல்லை. முதிர்வதற்குக் காலமோ, சுமந்து செல்லத் தெள்ளோ அவற்றுக்கு வேண்டும். அந்தக் காலத்தை அளிக்காதிருப்பதே பாதுகாப்பின் சாரம். பூனையின் மலத்தை நாள்தோறும் அகற்றி ஆழப் புதைத்துவிட வேண்டும். இவ்வேலையைக் கர்ப்பிணி செய்யாதிருத்தல் நன்று. செய்ய நேர்ந்தால் கையுறை அணிந்து செய்து, பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். உடனே தொற்றக்கூடிய வேறு நுண்ணுயிர்கள் சில உண்டாகையால் கைகழுவுதல் எல்லோர்க்கும் விதியாகும். கட்டட வேலைக்குக் குவித்த மணலையும் குழந்தைகள் விளையாடும் மணலையும் இரவில் மூடி வைக்க வேண்டும். பூனை தோண்டிப் புதைக்க விரும்புவது அத்தகைய மணலையே. முற்றத்திலும் தோட்டத்திலும் செருப்பணிதல் நன்று. பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுத்தலாகாது.

குட்டி மூன்று வாரம் நிறைந்ததும் மிருக வைத்தியரிடம் காட்டிப் பூச்சி மருந்து தொடங்கலாம். தாய்ப் பூனைக்கும் அப்போதே கொடுக்க வேண்டும். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. மனிதர்க்குரிய குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. நாய்க்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகளுள் பெர்மெத்ரின் கலந்தவை பூனைக்கு நஞ்சாகும்.

துரத்தப்பட்ட பூனை அயல்வீட்டு மணலையே நாடும். மருந்தும் கவனிப்பும் இன்றி அங்கே மேலும் புழுக்களைப் பரப்பும். மடியிற் படுத்துறங்கும் பூனையைவிட, பல வாரங்களாக எவரும் துப்புரவு செய்யாத மண்மூலையே குழந்தைக்குப் பெரும் பகை.