அம்பத்தூரில் அடிச்ச காத்து

1949-ல் தொடங்கின டி.ஐ. சைக்கிள்ஸால் அம்பத்தூர் சைக்கிளுக்குப் பேர்போன ஊர். ஆனா தரை தட்டை, உயரம் கடல் மட்டத்தை ஒட்டி. இங்கே டயரில் 25 பி.எஸ்.ஐ. காத்தடிச்ச மவுண்டன் பைக்கை லடாக்கின் கர்துங் லா கணவாய்க்கு (5,359 மீட்டர்) கொண்டுபோனா என்ன ஆகும்?

அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய பாதி. அதனால் கேஜ் சுமார் 7 பி.எஸ்.ஐ. கூடுதலா காட்டும், குளிர் அதைக் கொஞ்சம் குறைக்கும். கல் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் இறுகின டயர் தரையைக் கவ்வாமல் துள்ளும். பக்கத்திலேயே பள்ளம்.

நுரையீரலுக்கும் இதே கணக்குதான். காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம். ஆனா ஒரு மூச்சில் கிடைப்பது பாதி. மூச்சு முட்டினா நிதானமும் போகும். அதனால, முதல்ல லேயில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்குங்க. பாதையில் இறங்குமுன் டயரை அழுத்திப் பார்த்து, கொஞ்சம் காத்தை இறக்கிடுங்க.