பிரேக் ஆயிலுக்கும் வயது உண்டு

சக்கரங்களின் கதை – 17

ஸ்கூட்டரின் முன் பிரேக்கைப் பிடித்தால் லீவர் கொஞ்ச தூரம் வந்து திண்ணென்று நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் மெத்தென்று அமுங்கிக் கைப்பிடியை நெருங்கும்போது நம் ஊரில் வழக்கமாக நடப்பவை இரண்டு. ஓட்டுபவர் லீவரை இரண்டு மூன்று முறை அடித்துப் பிடிக்கப் பழகிக்கொள்கிறார். அல்லது பட்டறையில் மூடியைத் திறந்து கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் குறையை மறைக்குமே தவிர, தீர்க்காது. அமுங்கும் லீவர் சொல்லும் செய்தி பெரும்பாலும் ஒன்றுதான்: திரவம் மட்டும் இருக்க வேண்டிய குழாய்க்குள் காற்றோ ஆவியோ புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றி, புகுந்த வழியை அடைத்து, பழைய ஆயிலை முழுதாக மாற்றுவதே தீர்வு. ஆயில் மாற்றுவதை வண்டி ஓடிய கிலோமீட்டரோடு முடிச்சுப் போடாமல், கடந்த வருடங்களை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் வலியுறுத்த விரும்புவது.

இரும்புக் கம்பி செய்த வேலையைத் திரவத்திடம் ஒப்படைத்ததற்குக் காரணம் உண்டு. 1962-ல் இத்தாலியின் லாம்ப்ரெட்டா டி.வி. 175 ஸ்கூட்டரில் முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தபோது அதையும் கேபிள்தான் இழுத்தது. கேபிள் நாளடைவில் நீளும், உறைக்குள் துரு ஏறும், கையின் விசையில் ஒரு பங்கை உராய்வுக்கே கொடுத்துவிடும். திரவம் அமுங்காது, ஒரு முனையில் கொடுத்த அழுத்தம் மறுமுனையில் அப்படியே கிடைக்கும். 1969-ல் வந்த ஹோண்டா சி.பி. 750 திரவத்தால் இயங்கும் முன் டிஸ்க்கை உலகெங்கும் பரவலாக்கியது. இந்தத் தொழிலோடு மதுரைக்கு நெருங்கிய உறவு உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911-ல் இங்கே தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த குடும்பம்தான், 1962-ல் சென்னையில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலையைத் தொடங்கியது. மதுரையில் ஓடும் வண்டியின் பிரேக்கைப் பற்றி அரைகுறை அறிவோடு இருப்பது நமக்கு அழகல்ல.

லீவர் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்தாலே நோய் பிடிபடும். முதல் பிடியில் அமுங்கி, அடுத்தடுத்த அடியில் உயர்ந்து கெட்டியானால், உள்ளே காற்று இருக்கிறது. அல்லது கோணிய டிஸ்க் பேடுகளைத் தள்ளிவிட்டு இடைவெளியைக் கூட்டியிருக்கிறது. பிடித்தபடியே வைத்திருக்கும்போது லீவர் மெல்ல மெல்ல இறங்கினால், லீவரை ஒட்டிய மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்து அழுத்தம் நழுவுகிறது, அல்லது எங்கோ ஆயில் கசிகிறது. லீவர் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் குறை குழாயில் இல்லை. பேடிலோ, எண்ணெய் பட்ட டிஸ்க்கிலோ இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் உப்பினாலும் லீவர் மெத்தென்று ஆகும். ஆயில் மட்டம் இறங்குவதற்குக் கசிவு இல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து ஆயில் இறங்குகிறது. இது தெரியாமல் மேலே ஊற்றி நிரப்பினால், புதுப் பேட் போட்டுப் பிஸ்டனைத் தள்ளும் அன்று அது பொங்கி வழியும். முன்பக்கம் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டரில் ஆயிலே கிடையாது. அங்கே பார்க்க வேண்டியவை கேபிளும் ஷூவும்தான்.

ஓட்டமே இல்லாத வண்டியிலும் ஆயில் எப்படிக் கெடும் என்று கேட்கலாம். நம் ஸ்கூட்டர்களில் வழக்கமாக ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. மூடியின் விளிம்பு வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஈரம் சேரும். வண்டி நின்றாலும் சேரும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 ஆயிலுக்கு 230 டிகிரி என்பது 155 ஆக இறங்குகிறது. மதுரை நகருக்குள் மாசி வீதியிலும் கோரிப்பாளையத்திலும் நின்று நின்று போகும்போது பிரேக் அந்தச் சூட்டை எட்டுவது அரிது. ஆகவே குறை ஒளிந்தே கிடக்கும். அதே வண்டியில் இரண்டு பேர் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய்த் திரும்பும்போதுதான் சோதனை வருகிறது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்ஜின் பிடித்து நிறுத்தும் பலம் குறைவு. 2,100 மீட்டர் உயரத்திலிருந்து சமவெளிவரை பாரத்தைப் பிரேக்தான் தாங்குகிறது. ஈரமேறிய ஆயில், பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பருக்குள் கொதித்து ஆவியானால் லீவர் ஒரு வளைவில் திடீரென்று உள்ளே போய்விடும். கீழே வந்து சூடு ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகும்; பட்டறையில் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும்.

மதுரையின் வறண்ட வெயிலில் ஈரம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. சித்திரை மதியத்துக்கு அது பொருந்தும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையும் இதே ஊருக்குத்தான் பெய்கிறது. ஆயில் ஒருமுறை வாங்கிய ஈரத்தைக் கோடை வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதில்லை. இரண்டாவது அடியில் பிடிக்கிறதே, போதாதா என்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. இன்னொரு முறை அடிக்க அரை விநாடி போனால் ஐந்தரை மீட்டர் போய்விட்டது; குறுக்கே வரும் பள்ளிப் பிள்ளைக்கு அந்தத் தூரம்தான் உயிர். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழும், பின் பிரேக்கே போதும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மணலிலும் வளைவிலும் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நேர்ச்சாலையில் பிரேக் பிடித்ததும் பாரம் முன் சக்கரத்துக்கு நகர்கிறது. பின் சக்கரம் லேசாகிப் பிடிமானத்தை இழக்கிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளுக்கு, ஒரு லீவரைப் பிடித்தாலே இரு சக்கரத்துக்கும் பங்கு போகும் இணை பிரேக் முறை அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமானதும் இதனால்தான்.

ஆயில் மாற்றி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது, நுணுக்கமான வேலை, ஆனால் ரகசியமில்லை. மாஸ்டர் சிலிண்டர் மூடியில் எந்த டாட் எண் பொறித்திருக்கிறதோ அந்த வகையையே, சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் கப்புகள் ஊதிக் கெட்டுவிடும். காலிப்பரின் ஏர் ஸ்குரூவில் உள்ளே போவது தெரியும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்க வைக்க வேண்டும். லீவரைப் பிடித்து அழுத்தியபடி ஸ்குரூவைத் தளர்த்தினால் குமிழியோடு ஆயில் வரும். ஸ்குரூவை இறுக்கிய பிறகே லீவரை விட வேண்டும். வரிசை மாறினால் வெளியே போன காற்று திரும்பி உள்ளே வரும். மேலே ஆயில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போக விடவே கூடாது. குமிழி நின்று தெளிந்த ஆயில் வரும்வரை இது தொடர வேண்டும். ஹோஸ் இணைப்பைக் கழற்றியிருந்தால் வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். பெயின்ட் மேல் சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இத்தனையும் செய்த பின் சில நாளில் லீவர் மறுபடி அமுங்கினால், காற்று புகும் வழி இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள். மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் காலிப்பர் சீலையும் பார்க்காமல் வண்டியை எடுக்கக் கூடாது.

இன்ஜின் ஆயில் மாற்றிய தேதியை எழுதி வைப்பது போலப் பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டதென்றால், வண்டி மார்க்கெட்டுக்கு மட்டும் போய் வந்ததாக இருந்தாலும் மாற்றுங்கள். பட்டறையில் "ஆயில் ஊத்தியாச்சு" என்று சொன்னால், "பழசை முழுசா எடுத்தீங்களா, ஏர் எடுத்தீங்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

(தொடரும்)